கல்பனாவின் பெயரில் ஒரு கைநாட்டு

சித்தூருக்கு வெளியே இருக்கும் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் கல்பனா என்றால் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். பெல்ட்டில் ஓடி வரும் தோத்தாபுரிப் பழங்களில் அழுகலைப் பார்த்து எடுத்துப் போடும் முப்பது பெண்களுக்கு அவள்தான் சூப்பர்வைசர். கழுவாத தொட்டியைக் கழுவியதாக எழுதச் சொன்ன மேனேஜரிடம், அதை நீங்களே வந்து எழுதுங்கள், என் கையால் எழுத மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னவள். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். பழைய ஆட்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு விஷயம் தெரியும்.

அவள் பிறந்தது நாகலாபுரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. பத்தாவது பாஸ். அந்தத் தெருவில் பத்தாவது தேறிய முதல் பெண் அவள்தான். சொந்தமாகக் காணி நிலம் இல்லாமல் இருந்த குடும்பங்கள் அப்போதுதான் குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போட ஆரம்பித்திருந்தன. பையன்கள் தடா பக்கம் கம்பெனிகளுக்கும், இன்னும் தைரியமானவர்கள் குவைத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். கல்பனாவைக் கட்டிய தமிழரசு அந்தத் தைரியசாலிகளில் ஒருவன். கல்யாணமான ஏழாவது மாதம் ஒரு வீட்டுக்கு டிரைவராகக் குவைத் போனான். அவன் அப்பா கங்கையா சித்தூரில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். மாமனார், மாமியார் செல்லியம்மா, வயிற்றுப் பிள்ளையோடு கல்பனா, மூன்று பேரும் கம்பெனிக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை வாடகைக்கு எடுத்து இருந்தார்கள்.

2011 பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. சித்தூரில் ஒரு சின்ன தனியார் நர்சிங் ஹோம். வலி எடுத்துப் பதினான்கு மணி நேரமாகியும் குழந்தை இறங்கவில்லை என்று ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். கல்பனா மயக்கத்தில் இருந்தாள். அந்த நேரத்தில் அடுத்த அறையில் நடந்ததுதான் இந்தக் கதை முழுவதும்.

வெங்கடம்மா என்ற நர்ஸ் குழந்தையைத் துடைத்து, எடை போட்டு, கங்கையாவிடம் வந்து தெலுங்கில் சொன்னாள்: பிறந்தவுடனே போடுகிற ஊசிகள் இருக்கின்றன, ஒன்று தொடையில், ரத்தம் உறைவதற்கு, இன்னொன்று மஞ்சள் காமாலைக்கு, கையில் போடுகிறது காசநோய்க்கு. போடலாமா? கங்கையா மகனுக்குப் போன் போட்டார். குவைத்தில் தமிழரசு காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினான். அவனோடு அறையில் தங்கியிருந்த அப்பாவு என்பவனின் குழந்தைக்கு ஊசி போட்ட தொடை எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, இரண்டு மாதம் சீழ் வடிந்ததாம். பிறந்த பச்சை உடம்பில் எதற்கு மூன்று ஊசி, தனியார்க்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள், வேண்டாம் என்று சொல் என்றான். கங்கையா வேண்டாம் என்றார். அப்படியானால் இதில் ஒரு கைநாட்டு வையுங்கள் என்று வெங்கடம்மா ஒரு தாளை நீட்டினாள். வைத்தார். கட்டை விரலில் ஒட்டிய மையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பேத்தியைப் பார்க்கப் போனார்.

மாலையில் கல்பனாவுக்கு நினைவு தெளிந்தது. குழந்தையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார்கள். ஊசி எல்லாம் போட்டாச்சா என்று அவள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிறந்தால் போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். போடாமல் இருப்பார்கள் என்று தோன்றவே இல்லை. டிஸ்சார்ஜ் தாள் இங்கிலீஷில் இருந்தது. மடித்துப் பைக்குள் வைத்தாள்.

இருபத்து மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. நன்றாகக் குடித்தது, நன்றாகத் தூங்கியது. இருபத்து நான்காம் நாள் காலையில் கன்னத்தில் நீலமாகக் கன்றிய ஒரு திட்டு. கொசு கடித்திருக்கும் என்றாள் செல்லியம்மா. குளிப்பாட்டும்போது ஆறிப்போன தொப்புளிலிருந்து ரத்தம் கசிந்தது. மஞ்சள் வைத்தார்கள். நிற்கவில்லை. பத்து மணிக்குக் குழந்தை குடித்த பாலை எல்லாம் கக்கியது. அதன் பிறகு அழுத அழுகை, கல்பனா அதுவரை கேட்டிராத மாதிரி, கீச்சென்று ஒரே சுருதியில் இருந்தது. உச்சிக்குழி மேடிட்டுக்கொண்டு வந்தது. ஒரு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நூற்றெட்டு ஆம்புலன்ஸை வரவழைத்துத் திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள்.

திருப்பதியில் குழந்தைகள் வார்டு டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வியே, பிறந்தபோது வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்பதுதான். போட்டார்கள் என்று கல்பனா சொன்னாள். நிச்சயமாகவா என்று கேட்டார். நர்சிங் ஹோமில் பிறந்தது அம்மா, போடாமல் இருப்பார்களா என்றாள். டாக்டரம்மா பையிலிருந்த டிஸ்சார்ஜ் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்க்காமல், குடும்பத்தார் மறுத்துவிட்டதாக இதில் எழுதியிருக்கிறதே என்றார்.

கல்பனா திரும்பி மாமனாரைப் பார்த்தாள். கங்கையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அங்கே அந்த ஊசியைப் போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள். ஆனால் ரத்தம் ஏற்கெனவே மூளைக்குள் கசிந்திருந்தது. மறுநாள் மத்தியானம் குழந்தை இறந்துபோனது. இன்னும் பெயர் வைக்கவில்லை. முப்பதாம் நாள் வைப்பதாக இருந்தார்கள்.

டாக்டரம்மா அவளை உட்காரவைத்து விளக்கினார். பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் உடம்பில் அந்தச் சத்து குறைவுதான். தாய்ப்பாலிலும் குறைவுதான். ஊசி போடாவிட்டாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது. எங்கோ ஒன்றிரண்டுக்கு இப்படி ஆகும். எதற்கு ஆகும் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால்தான் எல்லாருக்கும் போடுகிறோம். கல்பனா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிறந்த அன்று விட்டுப்போயிருந்தால் அப்புறம் போட்டிருக்கலாமா? போட்டிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அடுத்த நாளோ, அடுத்த வாரமோகூடப் போட்டிருக்கலாம்.

அந்தப் பதில்தான் அவளுக்குள் தீயாகப் பற்றிக்கொண்டது.

காரியம் எல்லாம் முடிந்த மூன்றாம் நாள், கங்கையா கம்பெனி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தபோது அவள் நேராக அங்கே போய் நின்றாள். அழுதுகொண்டு போகவில்லை. குரலும் உயரவில்லை.

"அவன்தாம்மா போன்ல வாணாம்னான்" என்றார் கங்கையா. "எனக்கு இன்னா தெரியும், படிச்சவனா நானு?"

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் இல்ல மாமா. பக்கத்து ரூம்லதான இருந்தேன்."

"நீ மயக்கமா இருந்தியேம்மா."

"மயக்கம் சாயந்திரமே தெளிஞ்சிடுச்சி. அதுக்கப்புறம் இருவத்தி நாலு நாளு ஒரே ஊட்லதான இருந்தோம். நான் சோறு போட்டேன், நீ துன்ன. ஒரு நாளு சொல்லியிருந்தா நானே தூக்கிக்கினு போய்ப் போட்டிருப்பேன்."

கங்கையா ஸ்டூலிலிருந்து எழுந்தார். பிறகு, மறந்துட்டேம்மா என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே மறந்துதான் போயிருந்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தெரிந்து மறைத்திருந்தால்கூட, குழந்தையைப் பற்றி ஏதோ நினைத்துத்தான் மறைத்தார் என்று ஆகும். இது நினைவில் வைத்துக்கொள்ளத் தகுந்த விஷயமாகவே அவருக்குப் படவில்லை.

குவைத்திலிருந்து தமிழரசு அழுதுகொண்டே போன் செய்தான். காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினேன், அப்பாவுவின் குழந்தைக்குத் தொடை வீங்கியதை நினைத்து வேண்டாம் என்று சொன்னேன்தான், நைனா உன்னிடம் கேட்டிருப்பார் என்று நினைத்தேன் என்றான். கைநாட்டு வைத்தது அவர்தானே என்றும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அந்தப் பக்கம் காரை நிறுத்திவிட்டுத்தானே பேசினாய், நிறுத்தின கார் நிறுத்தினபடியே இருக்க, எனக்கு ஒரு போன் போட உனக்குத் தோன்றவில்லையா என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அவன் போனை அவள் எடுக்கவில்லை.

நர்சிங் ஹோமுக்குப் போனாள். அந்தத் தாளைக் காட்டுங்கள் என்றாள். டாக்டர் இல்லை என்றார்கள். நாளை வா என்றார்கள். வந்தாள். ஃபைல் மேலே இருக்கிறது என்றார்கள். நான்கு நாள், காலை பத்து மணிக்கு வந்து, வயிற்றில் தையல் ஆறாத உடம்போடு, பிள்ளை பெற வந்தவர்கள் உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். கர்ப்பிணிகள் அவளிடம், உங்களுக்கு என்ன குழந்தை என்று கேட்டார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள், ஒன்றுவிடாமல், எல்லாரிடமும். நான்காம் நாள் டாக்டரே உள்ளே கூப்பிட்டார்.

அவர் நல்லவர் மாதிரிதான் பேசினார். வருத்தமாக இருக்கிறது, ஆனால் நாங்கள் போடுகிறோம் என்றுதான் சொன்னோம், உங்கள் ஆட்கள்தான் மறுத்தார்கள், இதோ அத்தாட்சி என்று ஃபைலைத் திருப்பிக் காட்டினார். அச்சடித்த இங்கிலீஷ் தாள். நடுவில் கோடு போட்ட இடத்தில் பேனாவால் அவள் பெயர். எழுத்துக்கூட்டிப் படித்தாள். கல்பனா. அதற்குக் கீழே ஊதா மையில் ஒரு பெரிய கட்டை விரல்.

இது யாருடையது என்று கேட்டாள். உங்களுடையதுதான், அதாவது உங்கள் குடும்பத்தினுடையது என்றார் டாக்டர். மேலே என் பெயர் இருக்கிறது, கீழே இருப்பது யார் என்று மறுபடியும் கேட்டாள். பக்கத்தில் நின்ற வெங்கடம்மா, வீட்டுப் பெரியவர் வைத்தார், அதுதானம்மா வழக்கம் என்று தெலுங்கில் சமாதானம் சொன்னாள்.

கல்பனா டாக்டரின் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள். மருந்து எழுதும் சீட்டுக் கட்டை இழுத்து, அதில் தெலுங்கில் தன் கையெழுத்தைப் போட்டு, அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இதுதான் சார் என் சந்தகம். எனக்குக் கைநாட்டு கெடையாது. மயக்கம் தெளியிற வரைக்கும் காத்துக்கினு இருந்து, எழுப்பி, கேட்டிருந்தீங்கன்னா இதைப் போட்டிருப்பேன். எம்புள்ளை இருந்திருக்கும்."

டாக்டர் எதையோ சொல்ல வந்தார். கேட்டிருக்கலாம்தான், ஆனால் இங்கே எல்லாக் குடும்பத்திலும் என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை அவள் நிற்கவில்லை. அந்தத் தாளின் நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வழக்குப் போடலாம் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னான். யார் மேல் போடுவது? தாளைப் பொறுத்தவரை வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான்.

மாமனார் வீட்டில் அவள் இருக்கவில்லை. மே மாதம் மாம்பழ சீசன் தொடங்கியதும் இந்த மாங்கூழ்த் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, பெல்ட்டில் பக்கத்தில் நிற்கும் செங்கம்மாவின் அறையில் தங்கிக்கொண்டாள். இவர்கள் பிழிந்தனுப்பும் கூழ் டிரம் டிரம்மாக அரபு நாடுகளுக்குத்தான் போகும். ஏற்றுமதிச் சீட்டில் குவைத் என்று பார்க்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடிப்பதைச் செங்கம்மா பார்த்திருக்கிறாள்.

2012 கடைசியில் தமிழரசு வேலையை விட்டுவிட்டு வந்தான். அவளுடைய கம்பெனி கேட்டுக்கு வெளியே ஷிப்ட் முடியும் நேரத்தில் தினம் வந்து நிற்பான். பேச வாய் வராது. பதினோரு நாள் பார்த்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் அவளே போய், என்ன வேண்டும் என்று கேட்டாள். அவளோடு திரும்ப இருக்க வேண்டும் என்றான். அவள் போனாள். செங்கம்மாவுக்குத்தான் ஆத்திரம், இத்தனைக்கும் பிறகு அந்த ஆட்களிடமா போகிறாய் என்று சண்டை பிடித்தாள்.

"தூரமா இருந்து கோவப்பட்டா அவங்களுக்கு ஒறைக்காதுக்கா" என்றாள் கல்பனா. "தெனம் எம் மூஞ்சிய பாக்கட்டும்."

அதே இரண்டு அறை வீட்டில் மறுபடியும் வாழ்ந்தார்கள். கங்கையாவுக்குச் சாப்பாடு வைப்பாள், பேச மாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் செல்லியம்மாவிடம் சொல்வாள். தமிழரசு சித்தூரிலேயே லோடு வேன் ஓட்டினான். 2013 டிசம்பரில் அவளுக்கு இரண்டாவது பிரசவம். இந்தத் தடவை திருப்பதி அரசு மகப்பேறு ஆஸ்பத்திரிதான் என்று அவளே முடிவு செய்தாள். ஆண் குழந்தை, சுகப் பிரசவம்.

வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு இளம் நர்ஸ் தட்டோடு வந்தாள். கட்டில் கட்டிலாகப் போய், குழந்தையின் துணியை விலக்கி, ஊசி போட்டு, நோட்டில் டிக் அடித்துக்கொண்டே வந்தாள். கல்பனாவின் கட்டிலுக்கு வந்ததும், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் தமிழரசு முந்திக்கொண்டான். எல்லா ஊசியும் போடுங்கள் சிஸ்டர், எத்தனை இருக்கிறதோ அத்தனையும் போடுங்கள் என்றான். கைகூப்பிக்கொண்டு சொன்னான். நர்ஸ் பஞ்சால் தொடையைத் துடைத்தாள்.

"நில்லுங்க" என்றாள் கல்பனா.

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸுக்கு எரிச்சல். இன்னும் நாற்பது குழந்தை இருக்கிறது, மூடநம்பிக்கை எல்லாம் இங்கே வேண்டாம் என்று தெலுங்கில் சீறினாள். கல்பனா, மறுபடியும் வாணாம்னு சொல்லாத என்று தமிழரசு கெஞ்சினான்.

"வாணாம்னு நான் சொல்லல. எங்கிட்ட இன்னும் யாரும் கேக்கவே இல்ல. அன்னிக்கி என்னைக் கேக்காம வாணாம்னு சொன்னீங்க. இன்னிக்கி கேக்காம போடுன்னு சொல்ற. ரெண்டும் ஒண்ணுதான்."

பிறகு நர்ஸிடம் தெலுங்கில், இது என்ன ஊசி, எதற்கு, போட்டால் என்ன ஆகும், அதை மட்டும் சொல்லுங்கள் என்றாள். அந்தப் பெண் தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். தொடையில் போடுவது வைட்டமின் கே. மற்றத் தொடையில் மஞ்சள் காமாலைக்கு. வாயில் இரண்டு சொட்டு போலியோவுக்கு. இடது கையில் காசநோய்க்கு. ஒரு மாதம் கழித்து அந்த இடத்தில் சின்னக் கொப்புளம் வரும், உடையும், தழும்பாகும், ஒன்றும் பூசக்கூடாது, தானாக ஆறும். தொடை வீங்குமா என்று கல்பனா கேட்டாள். சிலருக்குக் கொஞ்சம் வீங்கும், இரண்டு நாளில் வடிந்துவிடும், சீழ் பிடிப்பது அபூர்வம், பிடிக்காது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது என்றாள் அந்தப் பெண். அந்த ஒரு பதிலுக்காகவே கல்பனாவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஆனாலும் உடனே சரி என்று சொல்ல வரவில்லை. அவளுடைய இரண்டு விரல் பருமன்கூட இல்லாத அந்தத் தொடையைப் பார்த்தாள். இதை வேண்டாம் என்றவர்கள் மேல் மூன்று வருஷம் எரிந்து கொண்டிருந்தவளுக்கு, அந்த நேரத்தில் அப்பாவுவின் குழந்தையின் வீங்கிய தொடைதான் கண்முன் வந்தது. இதுவரை நடந்ததற்கெல்லாம் கோபப்பட ஆள் இருந்தார்கள். இப்போது இவள் சொல்லிப் போட்டு, ஏதாவது ஆகிவிட்டால், யாரைப் பார்த்துப் பல்லைக் கடிப்பது? அன்றைக்குக் கங்கையாவுக்கு இந்தப் பயம் வந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அவளுக்கு ஆத்திரமும் வந்தது. பயந்திருந்தால் மறந்திருக்க மாட்டார்.

போடுங்கள் என்றாள். மருந்துப் புட்டியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, குழந்தையின் காலைத் தானே பிடித்துக்கொண்டாள். அது வீரிட்டு அழுதது. நல்ல அழுகை, ஏறி இறங்குகிற அழுகை. அப்போதுதான் அவளும் அழுதாள், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. தமிழரசு தோளைத் தொட வந்தான். தள்ளிவிட்டாள்.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடைகூட வீங்கவில்லை. கையில் சொன்னபடியே கொப்புளம் வந்தது. செல்லியம்மா வேப்பிலை அரைத்துக்கொண்டு வந்தபோது, தொடாதே அத்தை, அது அப்படித்தான் வரும் என்றாள். செல்லியம்மா கிண்ணத்தோடு திரும்பிப் போனாள்.

ஒன்பதாவது மாதம் அம்மை ஊசி. புதன்கிழமை போட வேண்டும் என்று கார்டில் எழுதியிருந்தது. கல்பனா அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் குழந்தையும் இல்லை, கார்டும் இல்லை, கங்கையாவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். காலை எட்டு மணியிலிருந்து சுகாதார நிலையத்து வரிசையில் நின்றாராம். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மூன்றரை வருஷமாகத் தன்னோடு பேசாத மருமகளுக்கு முன்னால் கார்டை நீட்டி, போட்டுட்டேம்மா என்றார்.

கல்பனா கார்டை வாங்கித் தேதி, முத்திரை, மருந்து பெயர் எல்லாவற்றையும் படித்தாள். சரியாகத்தான் இருந்தது. பிறகு அவரிடம் நேராகப் பேசினாள்.

"யாரக் கேட்டு இட்டுக்கினு போன?"

கங்கையா திகைத்துப்போனார். நல்லதுக்குத்தானேம்மா என்றார்.

"நல்லதோ கெட்டதோ, என்னக் கேளு. நேத்து ராத்திரி புள்ளைக்கு ஒடம்பு சுட்டுது, உனக்குத் தெரியுமா? அதை அந்த நர்ஸுகிட்ட யாரு சொன்னது?"

அவருக்குத் தெரியாது. குழந்தைக்கு அன்று காய்ச்சல் கண்டது, மறுநாள் இறங்கிவிட்டது. ஆனால் கங்கையா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்தார். புள்ளைக்கு வாழைப்பழம் தரவாம்மா என்று கேட்பார். வெளியே தூக்கிக்கொண்டு போகவா என்று கேட்பார். அவளுடைய கம்பெனிக்கே வந்து, கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, குளிருதே, புள்ளைக்கு சொட்டர் போடவா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். பெல்ட்டில் நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். கல்பனா சிரிப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் வேலையை நிறுத்திவிட்டு, போடு என்றோ வேண்டாம் என்றோ பதில் சொல்வாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

இப்போது பையனுக்கு ஐந்து வயது. தமிழரசு மறுபடியும் குவைத் போயிருக்கிறான். இந்தத் தடவை இவளைக் கேட்டுவிட்டுத்தான் போனான். போனில் பேசும்போது எப்போதாவது, இன்னும் கோபமா என்பான். ஆமாம் என்பாள். பிறகு வேறு விஷயம் பேசுவார்கள்.